போட்டி நமக்கு, கூட்டு அவர்களுக்கு!

மில் கேட்டில் நிற்கும் தொழிலாளி அடிக்கடி கேட்கும் உபதேசம் ஒன்று உண்டு. "போட்டி கடுமையாகிவிட்டது. வெளி மில் நூலோடு நம் நூல் போட்டி போட்டாக வேண்டும். ஆகவே கூலி உயர்வு கேட்காதே. ஆள் குறைப்பை எதிர்க்காதே. இரண்டு பேர் பார்த்த வேலையை ஒருவனே பார்." வயலில் நாற்று நடும் பெண்ணுக்கும் இதே உபதேசம்தான். "பக்கத்து ஊர் ஆட்கள் குறைந்த கூலிக்கு வரத் தயாராக இருக்கிறார்கள். இஷ்டமிருந்தால் வயலில் இறங்கு, இல்லாவிட்டால் கரையேறு."

போட்டி என்பது மழை, வெயில் போன்றது. அதை மனிதனால் மாற்ற முடியாது என்று நமக்குச் சொல்லித் தருகிறார்கள். நல்லது. இந்த உபதேசம் செய்கிறவர்கள் தங்களுக்குள் எப்படி நடந்துகொள்கிறார்கள்? பெரிய முதலாளியும் பெரிய முதலாளியும் சந்திக்கிற இடத்தில் போட்டி இருக்கிறதா? இதைப் பார்க்க ஒரு நல்ல இடம் ஆகாயம். கடல் தாண்டி, கண்டம் தாண்டிப் பறக்கும் விமானக் கம்பெனிகளின் கதையே போதும்.

விமானத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்க வேண்டாம். துபாய்க்கும் தோஹாவுக்கும் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் கூலி வேலைக்குப் போன பிள்ளைகள் நம் தெருக்களில் எத்தனை பேர்! அவர்கள் வாங்கும் டிக்கெட்டில் அம்மாவின் தாலிச் சங்கிலியும் அப்பாவின் அரை ஏக்கரும் இருக்கின்றன. பண்டிகைக்கு ஊர் வர நினைத்தால் கட்டணம் மடங்கு மடங்காக ஏறுகிறது. அது ஏன் ஏறுகிறது, யார் ஏற்றுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் உரிமை நமக்கு உண்டு.

மூன்று குடைகள்

1978இல் அமெரிக்க சர்க்கார் விமானக் கட்டணங்களின் மீதிருந்த கட்டுப்பாட்டை நீக்கச் சட்டம் செய்தது. அது உள்நாட்டு விமானங்களுக்கான சட்டம். ஆனால் அந்தக் காற்று உலகெங்கும் வீசியது. "இனிச் சுதந்திரப் போட்டி! கம்பெனிகள் பெருகும், கட்டணம் குறையும்" என்று மேளம் கொட்டினார்கள். முதலில் கம்பெனிகள் பெருகத்தான் பெருகின. பிறகு பெரிய மீன் சின்ன மீனை விழுங்கியது. உலகப் புகழ் பெற்ற பான் அமெரிக்கன் 1991இல் மூடப்பட்டது. டி.டபிள்யூ.ஏ. 2001இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் வயிற்றுக்குள் போனது. 2008இல் நார்த்வெஸ்ட்டை டெல்டா எடுத்துக்கொண்டது. 2010இல் கான்டினென்டல் யுனைடெட்டோடு கலந்தது. 2013இல் யு.எஸ். ஏர்வேஸ் அமெரிக்கனோடு கலந்தது. முடிவில் அந்த நாட்டில் வெளிநாட்டு நெடும்பாதைகளில் பறக்கும் பெரும் கம்பெனிகள் மூன்றே மூன்று: அமெரிக்கன், டெல்டா, யுனைடெட்.

இந்த மூன்றும் மூன்று குடைகளின் கீழ் நிற்கின்றன. 1997 மே மாதத்தில் யுனைடெட், லுப்தான்சா, ஏர் கனடா, எஸ்.ஏ.எஸ்., தாய் ஆகிய ஐந்து கம்பெனிகள் சேர்ந்து 'ஸ்டார் அலையன்ஸ்' என்ற கூட்டணியை அமைத்தன. 1999இல் அமெரிக்கன், பிரிட்டிஷ் ஏர்வேஸ், குவாண்டாஸ், கதே பசிபிக், கனடியன் ஆகியவை 'ஒன்வேர்ல்ட்' என்ற கூட்டணியாகப் புறப்பட்டன. 2000த்தில் டெல்டா, ஏர் பிரான்ஸ், கொரியன், ஏரோமெக்சிகோ நான்கும் 'ஸ்கைடீம்' என்று கிளம்பின. உலகத்தின் பெரிய விமானக் கம்பெனிகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஏதோ ஒன்றுக்குள் இருக்கின்றன.

ஏன் குடை? நேராக ஒன்றையொன்று வாங்கிவிட்டால் என்ன? அதற்குச் சட்டம் இடம் தரவில்லை. 1944இல் சிகாகோவில் கூடிய தேசங்கள், ஒவ்வொரு நாட்டின் வானமும் அந்த நாட்டுக்கே சொந்தம் என்று ஒப்புக்கொண்டன. எந்த நாட்டு விமானம் எங்கே இறங்கலாம் என்பதை அந்தந்த சர்க்கார்கள் பேசித்தான் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவில் விமானக் கம்பெனியின் ஓட்டுரிமைப் பங்குகளில் கால் பங்குக்கு மேல் அந்நியர் வைத்திருக்க முடியாது. ஐரோப்பாவில் பாதிக்கு மேல் முடியாது. எல்லை தாண்டிக் கல்யாணம் செய்துகொள்ள முடியாத மூலதனம், கல்யாணம் இல்லாமலே ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தக் கண்டுபிடித்த வழிதான் இந்தக் கூட்டணி.

ஒரே பை

கூட்டணியில் பல படிகள் உண்டு. முதல் படி, ஒரே விமானத்துக்கு இரண்டு மூன்று கம்பெனிகளின் எண்களைப் போட்டு டிக்கெட் விற்பது. ஒரே பஸ்ஸுக்கு மூன்று முதலாளிகள் தனித்தனியாகப் பெயர்ப் பலகை மாட்டி டிக்கெட் கொடுப்பது போல. ஜன்னலில் பார்த்தால் மூன்று பஸ் ஓடுவதாகத் தோன்றும். ரோட்டில் ஓடுவது ஒன்றுதான்.

கடைசிப் படிதான் முக்கியமானது. அதற்குக் கூட்டு வியாபாரம் என்று பெயர். கட்டணம் என்ன, விமானம் எத்தனை, புறப்படும் நேரம் எது என்பதை எல்லாம் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். வசூலை ஒரே பையில் போட்டுப் பங்கிடுகிறார்கள். பிரயாணி எந்தக் கம்பெனியின் விமானத்தில் ஏறினாலும் அவர்களுக்குக் கவலையில்லை. பணம் போவது ஒரே பைக்கு. நம் ஊர்ப் பாதையில் ஓடும் இரண்டு பஸ் முதலாளிகள் இப்படிச் சேர்ந்துகொண்டு, "இனி நமக்குள் சண்டை வேண்டாம், டிக்கெட் இவ்வளவு, இரவு வந்ததும் வசூலைப் பங்கு பிரித்துக்கொள்வோம்" என்றால் அதை நாம் என்ன சொல்லி அழைப்போம்?

அமெரிக்கச் சட்டமும் அதைக் குற்றம் என்றே சொல்கிறது. போட்டியாளர்கள் கூடிப் பேசி விலை வைப்பதைத் தடுக்க 1890ஆம் ஆண்டிலேயே அங்கே சட்டம் செய்தார்கள். அந்தச் சட்டத்திலிருந்து விமானக் கம்பெனிகளுக்கு சர்க்காரே விலக்குக் கொடுக்கிறது! 1992இல் அமெரிக்காவும் ஹாலந்தும் 'திறந்த வானம்' என்ற ஒப்பந்தம் செய்துகொண்டன. சில மாதங்களுக்குள், 1993 ஜனவரியில், நார்த்வெஸ்ட்டுக்கும் ஹாலந்தின் கே.எல்.எம்.முக்கும் இந்த விலக்கு கிடைத்தது. பிறகு வரிசையாகப் பலருக்கும் கிடைத்தது.

அமெரிக்கனும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் இதே விலக்கைக் கேட்டபோது, அந்த நாட்டின் நீதி இலாகாவே எச்சரித்தது. இந்தக் கூட்டை அனுமதித்தால் அட்லாண்டிக் கடலைக் கடக்கும் ஆறு பாதைகளில் கட்டணம் 15 சதவீதம் வரை ஏறக்கூடும் என்று 2009 டிசம்பரில் எழுத்து மூலமாகச் சொன்னது. போக்குவரத்து இலாகா என்ன செய்தது? 2010 ஜூலையில் அனுமதி கொடுத்தது. லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் நான்கு ஜோடி இறங்கும் நேரங்களை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுங்கள் என்ற நிபந்தனை மட்டும் போட்டது. ஒரு இலாகா தீ என்கிறது. இன்னொரு இலாகா ஒரு செம்பு தண்ணீரை வைத்துக்கொள் என்கிறது.

பஸ் ஸ்டாண்டில் டைம் கிடைத்தவனே ராஜா என்பது நமக்குத் தெரியும். ஹீத்ரோவிலும் அதே கதைதான். அங்கே ஒரே ஒரு ஜோடி நேரம் 2016இல் 7 கோடியே 50 லட்சம் டாலருக்குக் கைமாறியதாகச் செய்திகள் வந்தன. அவ்வளவு பணத்தை நேரத்துக்கே கொட்ட முடிகிறவன்தான் உள்ளே வரலாம். இதற்குப் பெயர் திறந்த வானம்!

குறைந்த கட்டணத்தில் வந்தவன் கதி

இந்தப் பாதையில் உண்மையாகவே போட்டி போட்டவர் ஒருவர் இருந்தார். பெயர் பிரெடி லேக்கர், இங்கிலாந்துக்காரர். லைசென்ஸுக்காகப் பல ஆண்டுகள் அலைந்த பிறகு, 1977 செப்டம்பரில் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு 59 பவுன் கட்டணத்தில் விமானம் விட்டார். பெரிய கம்பெனிகளின் கட்டணத்தைவிட இது வெகு குறைவு. விமானமே ஏறியிராத சாதாரண ஜனங்கள் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார்கள். பெரிய கம்பெனிகள் சும்மா இருக்குமா? அவருடைய விலைக்கே தங்கள் விலையையும் இறக்கின. கடனில் விமானம் வாங்கியிருந்த லேக்கர் 1982 பிப்ரவரியில் கவிழ்ந்தார். தங்கள் கம்பெனியை ஒழிக்கச் சதி நடந்தது என்று லேக்கர் தரப்பு வழக்குப் போட்டது. 1985இல் பெரிய கம்பெனிகள் கோர்ட்டுக்கு வெளியே பணம் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொண்டன. இதே விஷயத்தில் நடந்துகொண்டிருந்த கிரிமினல் விசாரணையை 1984இல் ஜனாதிபதி ரீகன் நிறுத்திவிட்டார்.

லேக்கரும் முதலாளிதான், அவருக்காகக் கண்ணீர் விட வேண்டியதில்லை. ஆனால் போட்டியே தர்மம் என்று பேசுகிறவர்கள், போட்டி போட்டவனை என்ன செய்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இது புதிய கதை அல்ல. 1906இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தபோது, வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி கொழும்புக் கட்டணத்தைக் குறைத்தது. இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறோம், குடையும் தருகிறோம் என்று சொன்னது. அதற்கும் அசையாதபோது அரசாங்கமே வந்தது. 1908இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்ற அதே வ.உ.சி., அதே ஆண்டில் சிறைக்குப் போனார். கம்பெனி கலைந்தது. குடையை நம்பி ஏறியவன் பிறகு முழுக் கட்டணம் கொடுத்தான். கப்பல் போய் விமானம் வந்திருக்கிறது, வித்தை பழையதுதான்.

எண்ணெய் விலை என்ற சாக்கு

விலக்கு பெற்றுக் கூடுவது ஒரு வழி. விலக்கும் இல்லாமல் இருட்டில் கூடுவது இன்னொரு வழி. 2004 முதல் 2006 வரை எண்ணெய் விலை ஏறியது. பிரிட்டிஷ் ஏர்வேஸும் வெர்ஜின் அட்லாண்டிக்கும் நெடும்பாதை டிக்கெட்டுகளில் 'எரிபொருள் உபரிக் கட்டணம்' என்று ஒன்றைச் சேர்த்தன. போகவர ஒரு டிக்கெட்டுக்கு 5 பவுனாக இருந்த அது 60 பவுன் வரை ஏறியது. விளம்பரத்தில் இந்த இரண்டும் கீரியும் பாம்பும். உள்ளே, எப்போது எவ்வளவு ஏற்றப் போகிறோம் என்று ஒருவருக்கொருவர் சேதி சொல்லிக்கொண்டிருந்தார்கள்! வெர்ஜின் தானே முன்வந்து காட்டிக்கொடுத்ததால் அதற்கு அபராதம் இல்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு 2007இல் அமெரிக்கா 30 கோடி டாலர் அபராதம் போட்டது. பிரிட்டன் 12 கோடியே 15 லட்சம் பவுன் என்று அறிவித்தது. 2012இல் அதையும் 5 கோடியே 85 லட்சமாகக் குறைத்துக்கொண்டது.

சரக்குப் போக்குவரத்திலும் இதே திருவிளையாடல். 2010 நவம்பரில் ஐரோப்பியக் கமிஷன் 11 விமானக் கம்பெனிகளுக்கு ஏறத்தாழ 80 கோடி யூரோ அபராதம் விதித்தது. அது கோர்ட்டில் 2015இல் ரத்தாகி, 2017இல் மறுபடியும் விதிக்கப்பட்டது. ஆண்டுக் கணக்கில் வழக்கு நடத்த அவர்களுக்குப் பணமும் உண்டு, நேரமும் உண்டு. கூடுதலாகக் கொடுத்த பிரயாணிக்கு இரண்டும் கிடையாது.

நேற்றைய திருடன், இன்றைய தோழன்

வளைகுடாக் கம்பெனிகள் வந்து போட்டியை உண்டாக்கவில்லையா என்று கேட்கலாம். வந்தன, எமிரேட்ஸ், எத்திஹாட், கத்தார் மூன்றும் பழைய கம்பெனிகளின் பிரயாணிகளை இழுத்தன. உடனே 2015இல் அமெரிக்காவின் மூன்று கம்பெனிகளும் கூக்குரலிட்டன. இவர்கள் 4,200 கோடி டாலர் சர்க்கார் மானியம் வாங்கி நியாயமற்ற போட்டி போடுகிறார்கள் என்று குற்றம் சாட்டின. பிறகு நடந்தது என்ன? 2020இல் அமெரிக்கன் கத்தாரோடு கை கோத்தது. 2022இல் யுனைடெட் எமிரேட்ஸோடு கை கோத்தது. மானியக் கணக்கு எங்கே போனது? எதிரியாக இருந்தால் மானியத் திருடன். பங்காளியானால் மதிப்புக்குரிய நண்பன்.

நம் நாட்டிலும் இதன் நிழல் விழுந்திருக்கிறது. 2013இல் ஜெட் ஏர்வேஸின் 24 சதவீதப் பங்கை அபுதாபியின் எத்திஹாட் 2,058 கோடி ரூபாய்க்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. அதே சமயம் இந்தியாவுக்கும் அபுதாபிக்கும் இடையே வாரத்துக்கு 36,670 இருக்கைகள் கூடுதலாக அனுமதிக்கப்பட்டன. கூட்டு என்ன ஆயிற்று? 2019 ஏப்ரல் 17 அன்று ஜெட் ஏர்வேஸ் பறப்பதை நிறுத்தியது. ஏறத்தாழ 20,000 தொழிலாளர்களும் சிப்பந்திகளும் பல மாதச் சம்பள பாக்கியோடு தெருவில் நின்றார்கள். 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் கம்பெனியைக் கலைத்துக் கடனை அடைக்க உத்தரவிட்டது. கூட்டாளி தன் வழியே பறக்கிறான். சிப்பந்தி கோர்ட் வாசலில் நிற்கிறான்.

1932இல் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாக நம் சென்னைக்குத் தபால் சுமந்து வந்த கம்பெனிதான் பின்னால் ஏர் இந்தியா ஆனது. 1953இல் அது தேசத்தின் சொத்தாயிற்று. 2014இல் ஸ்டார் அலையன்ஸில் சேர்ந்தது. 2022 ஜனவரியில் டாட்டாவின் கைக்குப் போனது. 2024 நவம்பரில் விஸ்தாரா அதோடு இணைந்தபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 25.1 சதவீதப் பங்கு பெற்றது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும் பாதையில் ஏர் இந்தியாவோடு போட்டி போட வேண்டிய கம்பெனி, ஏர் இந்தியாவிலேயே பங்குதாரர்! கப்பல் கட்டும் தளத்தில் வெல்டிங் வேலை பார்க்கப் போகும் தம்பிக்கு, இவர்கள் இருவரும் ஒருவரையொருவர் முந்திக் கட்டணத்தைக் குறைப்பார்கள் என்று யார் உத்தரவாதம் தருவார்கள்?

நன்மையே இல்லையா?

நியாயமாகப் பேச வேண்டும். கூட்டணியால் சில சௌகரியங்கள் உண்டு. வழியில் விமானம் மாற வேண்டியவனுக்கு ஒரே டிக்கெட் போதும். மூட்டை கடைசி ஊர் வரை போய்ச் சேரும். ஒரு விமானம் தாமதமானால் அடுத்ததில் இடம் கேட்கலாம். இரண்டு கம்பெனிகளிடம் தனித்தனியாக வாங்குவதைவிடச் சில பாதைகளில் கட்டணமும் குறைகிறது. இதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்தச் சௌகரியங்களுக்கு டிக்கெட் ஏற்பாடும் மூட்டை ஏற்பாடும் போதும். ஒரே பாதையில் நேருக்கு நேர் பறந்த இரண்டு கம்பெனிகள் கட்டணத்தைச் சேர்ந்து வைப்பதும், வசூலை ஒரே பையில் போடுவதும் எந்தப் பிரயாணியின் சௌகரியத்துக்காக? மூட்டை தொலையாமல் இருக்க நம் பையை அறுக்க வேண்டுமா?

தொழிலாளி சேர்ந்தால் மட்டும் குற்றமா?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். கூடுவது நல்லது என்று கண்டுகொண்ட இந்தக் கம்பெனிகள், தங்கள் தொழிலாளி கூடும்போது என்ன செய்கின்றன?

ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸைப் பாருங்கள். ஒன்வேர்ல்ட் கூட்டணியை அமைத்த ஐவரில் ஒன்று. 2011 அக்டோபர் 29 அன்று, மூன்று சங்கங்களோடு ஏற்பட்ட தகராறில், உலகம் முழுவதும் இருந்த தன் விமானங்கள் அத்தனையையும் தரையில் நிறுத்திக் கதவடைப்பு அறிவித்தது. பல்லாயிரம் பிரயாணிகள் நடுவழியில் தவித்தார்கள். தொழில் ட்ரிப்யூனல் தலையிட்ட பிறகே விமானங்கள் மீண்டும் கிளம்பின. இதே கம்பெனி 2013இல் எமிரேட்ஸோடு கூட்டு வைக்க அந்த நாட்டின் போட்டிக் கமிஷனிடம் அனுமதி பெற்றது. கட்டணம், நேரம் எல்லாம் கலந்து பேச உரிமை கிடைத்தது.

2020இல் தொற்று நோய்க் காலத்தைச் சாக்காக வைத்து, பத்து விமான நிலையங்களில் மூட்டை ஏற்றி இறக்கும் 1,800க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை வெளியே தள்ளி, வேலையைக் காண்டிராக்டுக்கு விட்டது. சங்கம் கோர்ட்டுக்குப் போனது. சங்கம் பேரம் பேசுவதையும் வேலைநிறுத்தம் செய்வதையும் தடுப்பது நிர்வாகத்தின் நோக்கங்களில் இல்லை என்று கம்பெனியால் நிரூபிக்க முடியவில்லை. 2023 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் தலைமைக் கோர்ட் நீதிபதிகள் அனைவரும் ஒரே முகமாக அது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தார்கள். 12 கோடி ஆஸ்திரேலிய டாலர் நஷ்டஈடு; அதற்கு மேல் 2025 ஆகஸ்டில் 9 கோடி டாலர் அபராதம். அந்த அபராதத்தில் 5 கோடியைச் சங்கத்துக்கே கொடுக்கும்படி கோர்ட் உத்தரவிட்டது. ஐந்து வருஷம் விடாமல் நின்ற சங்கத்தின் வெற்றி இது.

முதலாளிகளுக்கு விலக்கு கொடுக்கிறார்களே அந்த 1890ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம், ஒரு காலத்தில் யார் மேல் பாய்ந்தது தெரியுமா? டான்பரி என்ற ஊரின் தொப்பித் தொழிலாளர்கள் ஒரு முதலாளியின் தொப்பிகளை வாங்காதீர்கள் என்று பிரசாரம் செய்தார்கள். அது வியாபாரத்தைத் தடுக்கும் கூட்டு என்று 1908இல் அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட் சொன்னது. தொழிலாளர்களின் வீடுகளும் பாங்குச் சேமிப்பும் ஜப்திக்கு உள்ளாயின. தொப்பித் தொழிலாளி கூடினால் வீடு ஜப்தி. விமான முதலாளி கூடினால் சட்டத்திலிருந்து விலக்கு!

என்ன வேண்டும்?

கூட்டு வியாபாரத்துக்கு சர்க்கார்கள் கொடுக்கும் விலக்கு முடிவில்லாமல் நீளக்கூடாது. குறித்த காலத்துக்கு ஒருமுறை பகிரங்க விசாரணை வேண்டும். அதில் பிரயாணிகளின் தரப்பும் தொழிற்சங்கங்களும் பேச இடம் வேண்டும். டிக்கெட்டில் அடிப்படைக் கட்டணம் எவ்வளவு, எரிபொருள் பெயரில் எவ்வளவு, வரி எவ்வளவு என்பது பிரயாணிக்குப் புரியும்படி இருக்க வேண்டும். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் நம் தொழிலாளர்கள் போகும் பாதைகளில் பண்டிகைக் காலக் கட்டணத்துக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியில் பங்கு வாங்க அனுமதி கொடுக்கும்போதே, அது கவிழ்ந்தால் சிப்பந்திகளின் சம்பள பாக்கிக்கு யார் பொறுப்பு என்பதையும் எழுதி வாங்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பாடம் இருக்கிறது. ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டால் இருவருக்கும் நஷ்டம் என்பதை உலகத்தின் பெரிய முதலாளிகள் தெரிந்துகொண்டு கூடியிருக்கிறார்கள். லுப்தான்சாவும் யுனைடெட்டும் வேறு தேசம், வேறு மொழி, வேறு கொடி. லாபத்துக்காக அவர்கள் அத்தனையையும் மறந்து ஒரே பையில் கை போடுகிறார்கள். ஆனால் மில் தொழிலாளி வெளி மில் தொழிலாளியை எதிரியாகப் பார்க்க வேண்டுமாம்! நம் ஊர்க் கூலிக்காரன் பக்கத்து ஊர்க் கூலிக்காரனை அரிவாளோடு பார்க்க வேண்டுமாம்!

அடுத்த முறை, "போட்டி கடுமை, கூலி கேட்காதே" என்று நிர்வாகம் சொன்னால் நாம் திருப்பிக் கேட்போம்: "நீங்கள் யாரோடு போட்டி போடுகிறீர்கள்? எந்தப் பாதையில்? யாருடைய பையில் கை போட்டுக்கொண்டு?" பதில் வராது. அவர்களுக்குக் கூட்டு நியாயம் என்றால் நமக்கும் கூட்டு நியாயம்தான். இரண்டு மில்லின் தொழிலாளரும் ஒரே கோரிக்கையோடு ஒரே நாளில் கேட்டில் நிற்கட்டும். இரண்டு ஊரின் கூலிகளும் ஒரே கூலியைச் சொல்லி வரப்பில் நிற்கட்டும். அதற்கு எந்த சர்க்காரின் விலக்கும் தேவையில்லை.